பெயர் கடைசியில்

வலியசாலையில் யார் மனு எழுத வேண்டுமானாலும் அனந்தலக்ஷ்மியிடம்தான் வருவார்கள். விஷயத்தை முழுக்க எழுதிவிட்டு, யாருக்கு என்பதைக் கடைசியில் நிரப்புவது அவள் வழக்கம்.

அன்று வந்தவள் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் மாடம்மாள்.

"மாமி, ஒரு வீட்டுல ஆறு வருசமா சம்பளம் கூட்டியே தரல்ல. நல்ல ஆளுதான். நேர்ல கேக்க நாக்கு எழும்பல்ல."

அனந்தலக்ஷ்மிக்குக் கோபம் வந்தது. "ஆறு வருஷமாவா? இதைச் சம்பளம்னு எழுத மாட்டேன். பிச்சைக்காசுன்னுதான் எழுதுவேன்."

"ஐயோ, அது பெரிய வார்த்தையில்லா?"

"பிட்சைங்கறதுதான் பிச்சை ஆச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு வந்த சந்நியாசிக்கு ஒரு பிடி அன்னம் போடறது. அவர் போறலைன்னு கேக்க மாட்டார். நீ என்ன சந்நியாசியா?"

"மூணு பிள்ளைய வச்சிட்டு எங்க மாமி சந்நியாசம்!"

அனந்தலக்ஷ்மி சிரித்துக்கொண்டே பிச்சைக்காசு என்றே எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

"சரி, யாருக்குன்னு போடட்டும்?"

மாடம்மாள் முந்தானையை முறுக்கினாள். "உங்களுக்குத்தான் மாமி."

பேனா பிச்சைக்காசு என்ற சொல்லின் பக்கம் போய், அதை அடித்துவிடாமல் திரும்பியது. மேலே தன் பெயரை முழுசாக எழுதினாள்.

"உக்காரு மாடம்மா. எவ்வளவு கூட்டணும்னு சொல்லு. அதையும் எழுதணுமோல்லியோ?"