இடது கைத் துப்பாக்கி

“அப்பாவை மறுபடி பனிமேல கூட்டிட்டுப் போகாதண்ணா,” என்றாள் மியாலி. “ஒரு தடவை கடல் அவரை வாங்கிக்கிட்டது போதாதா?”

கில்லாக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கூட்டுறவுக் கடையின் துப்பாக்கி அலமாரி முன் நின்றான். கண்ணாடிக்கு வெளியே உறைந்த கடல் வெயிலில் கண்ணைப் பறித்தது. சீல்கள் தண்ணீரை விட்டு ஏறி, பனிமேல் படுத்துக் குளிர்காயும் பருவம். ஊரே பனிவண்டிகளில் கிளம்பிப் போயிருந்தது. அப்பா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“அவரேதான் கேட்டார். என்னை எப்போ கூட்டிட்டுப் போவேன்னு. நான் என்ன சொல்றது?”

“வயசு பத்தலைன்னு சொல்ல முடியுமா, கூடிடுச்சுன்னுதான் சொல்ல முடியுமா?” கடைக்கார இபீலி சிரித்துக்கொண்டே ஒரு துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். தொடர்ந்து பத்துக் குண்டு சுடும் ரகம். குளிரில் எண்ணெய் இறுகினால் சிக்கிக்கொள்ளும் என்று கில்லாக் மறுத்தான். அடுத்ததில் தொலைநோக்கி இருந்தது. மூச்சுப் பட்டாலே கண்ணாடி மங்கிவிடும், அப்பாவுக்கு வெறுங்கண்ணே போதும் என்று அதையும் தள்ளினான். பெரிய ரகத்தின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சுடும்போது வரும் உதையை அவர் தோள் தாங்காது.

“பாயிண்ட் டூ டூ, சின்னக் குண்டே போதும். ஒவ்வொரு குண்டா போட்டுச் சுடுறது. தோள்ல வைக்கிற கட்டை குட்டையா, இடது கைக்கு ஏத்ததா வேணும்.”

“உங்கப்பா துலுகாக் இப்பவும் இடது கைதானா?” என்றார் இபீலி.

“கையும் அதேதான், பிடிவாதமும் அதேதான்,” என்றாள் மியாலி. “மீன்ல முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் சாப்பிடறார். அவருக்குத் துப்பாக்கி ஒண்ணுதான் குறைச்சல்.”

இபீலி உள்ளறைக்குத் தேடப் போனார். மியாலி குரலைத் தாழ்த்தினாள். “உனக்கு ஏண்ணா இவ்வளவு பிடிவாதம்?”

யாரிடமும் சொல்லாததைக் கில்லாக் அப்போதுதான் சொன்னான். கடல் அப்பாவை வாங்கிக்கொண்ட அந்தக் குளிர்காலத்தில், வேட்டைக்கு முந்தின நாள், சோம்பலில் அப்பாவின் துப்பாக்கியை வெளியே மாட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். உள்ளே இருந்த சூட்டில் இரும்பு வேர்த்தது. மறுநாள் பனிக்குப் போனதும் அந்த ஈரம் உள்ளேயே உறைந்துபோனது. சீல் தலையைத் தூக்கிய நேரம் அப்பா விசையை இழுத்தார். சத்தமே வரவில்லை. ஈட்டியை எடுத்துக்கொண்டு மெல்லிய பனிமேல் நடந்தார். பனி பிளந்தது.

“ஊரெல்லாம் பனியைத்தான் குறை சொல்லுது, மியாலி. நடக்கறதுக்கு முன்னாடி அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுக்கு இன்னும் நான் பதில் சொல்லலை.”

இபீலி ஒரு சின்னத் துப்பாக்கியோடு வந்தபோது அதைக் கையில் வாங்கி எடை பார்த்தவள் மியாலிதான்.

“இதையே எடுத்துக்கலாம். கட்டையை மட்டும் இன்னும் ரெண்டு விரல் அறுத்துக் குடுங்க,” என்றாள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். கில்லாக் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்பா வாங்கி, இடது தோளில் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக் கடலைக் குறிபார்த்தார். பிறகு அவன் கையிலேயே திருப்பித் தந்தார்.

“உள்ள கொண்டு வராதடா மகனே. வேர்த்துடும். வெளியவே மாட்டு.”

கில்லாக் தலையைத் தூக்கினான். முன்பல் இரண்டும் விழுந்த வாயால் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள், அப்பாவைக் கடல் கொண்டுபோன மறு வருஷம் பிறந்து, துலுகாக் என்று அவர் பெயரையே பெற்று, இறந்தவர் பெயரோடு அவருடைய உறவுமுறையும் சேர்ந்தே வரும் ஊர் வழக்கப்படி அவனுக்கு ‘அப்பா’வாகிவிட்ட, மியாலியின் எட்டு வயது மகள்.