பொங்கி வழிந்த பால்

மேடையில் நிஜ அடுப்பு எரிகிறது, நிஜப் பால் காய்கிறது. கணவனாக நடிப்பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, மனைவியாக நடிப்பவள் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். மூன்றாவது வரிசையில் அவளுடைய அண்ணன், சினிமாவில் படத்தொகுப்பாளர், தங்கையின் முதல் நாடகத்தை உதட்டைப் பிதுக்கியபடி பார்க்கிறார். மற்ற விளக்குகள் அணைந்து அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம் குவிகிறது. “க்ளோசப் வைக்கிறாங்களாம். அதுக்குப் பேசாம சினிமாவே எடுத்துடலாமே” என்று பக்கத்திலிருக்கும் தன் மனைவியின் காதைக் கடிக்கிறார். “கொஞ்சம் வாயை மூடிட்டுப் பாருங்க” என்கிறாள் அவள். அப்போது இருட்டுக்குள் ‘உஸ்ஸ்’ என்று நாடகத்தில் இல்லாத ஒரு சத்தம். பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. எந்தத் திரையிலிருந்தும் வராத தீய்ந்த வாசனை மூன்றாவது வரிசைக்கு வருகிறது. நாடகச் சண்டையை மறந்து மேடையிலிருக்கும் இருவரும் ஒரே நேரத்தில் அடுப்புக்குப் பாய்ந்து தலையோடு தலை முட்டிக்கொள்கிறார்கள். அவள் புடவைத் தலைப்பால் பாத்திரத்தை இறக்குகிறாள், சுட்ட விரலை அவன் பிடித்து ஊதுகிறான். விளக்குக்காரர் சட்டென்று வெளிச்சத்தை விரிக்க, சிரிப்பை அடக்கத் திணறும் இரண்டு முகங்களும் தெரிகின்றன. படமாக இருந்தால் இந்த இடத்தை அண்ணனே வெட்டி எறிந்திருப்பார். இப்போது இமைகூடக் கொட்டவில்லை. எழுதிய வசனத்தைச் சொல்லியாக வேண்டுமே, அவள் மறுபடி பெட்டியை எடுத்து, “நான் போறேன்” என்கிறாள். “போகாதடி!” என்று ஒரு குரல் கேட்கிறது. அது தன் குரல்தான் என்பது அண்ணனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கிறது. அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனிடம், “சரி, மிச்சப் பால்ல ஒரு காபி போடு. குடிச்சிட்டுப் போறேன்” என்கிறாள்.