மாவீரன் என்ற சொல்

இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை விழுப்புரம் மாவட்டத்திலேயே இரண்டு பேர்தான் படித்தார்கள். ஒருவன் நான். இன்னொருவன், பெயர் போடாமல் அதைத் திருத்திக்கொண்டே இருந்தவன்.

1993இல் அந்த ஏரியில் மூழ்கிய என்னைக் கரைசேர்த்துவிட்டு, தான் செத்துப்போன செபஸ்தியானை 'மாவீரன்' என்று எழுதியிருந்தேன். 'நடுநிலை இல்லை' என்று அந்தப் பெயரில்லாதவன் அச்சொல்லை அழித்தான். நான் மறுபடி போட்டேன். அவன் மறுபடி அழித்தான். கரண்ட் வந்த நேரமெல்லாம் திண்டிவனம் வீட்டில் கணினியைப் போட்டு உற்சாகமாகச் சண்டை பிடித்தேன். ஆபீசில்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை.

"யார்கிட்டங்க இப்படி மல்லுக்கட்டிக்கினு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி வெண்ணிலா.

"என் சிநேகிதன் மானத்துக்காகடி! ஜல்தி ஒரு டீ போடு."

"அவன் மாவீரன் இல்லை என்பதற்குச் சான்று உண்டா?" என்று கட்டுரைக்கான உரையாடல் பக்கத்தில் அந்தப் பெயரில்லாதவனிடம் முழங்கினேன்.

பதில் உடனே வந்தது. "அன்னிக்கு உன்னப் பின்னாலருந்து தள்ளிவுட்டதே நான்தாண்டா. சும்மா தமாசுக்கு."

முதுகில் பட்ட அந்தக் கையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஏரிக்கரையில் என்னையும் செபஸ்தியானையும் தவிர வேறு யாரும் இல்லை.

வாக்கியத்தை மாற்றினேன்: 'தள்ளியவரும் தூக்கியவரும் செபஸ்தியான், கட்டுரையாளரின் நண்பர்.' கடைசி இரண்டு சொற்களுக்குச் சான்றும் இல்லை, நடுநிலையும் இல்லை. இன்றுவரை அவன் அவற்றை அழிக்கவில்லை.