ஏரிக்கரைப் பாதையில் ஒரு மணி

நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்தே போகிற ஏரிக்கரைப் பாதை அது. அங்கே தினமும் வரும் ஒரு சைக்கிளில் பித்தளை மணி ஒன்று இருந்தது. தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. முதுகுக்குப் பின்னால் போய் அது அலறினால், நடக்கிறவர்கள் துள்ளி விலகுவார்கள்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதை!" என்று பக்கத்திலிருந்த பிரேக்கிடம் பீற்றிக்கொள்ளும்.

"எட்ட இருக்கும்போதே மெல்லக் கூப்பிடேன். நானும் வேகத்தைக் கொறைக்கிறேன்," என்றது பிரேக்.

"உனக்கு இங்க வேலையே இல்ல. துருப்பிடிச்சுக் கெட."

நாளாக ஆக, அந்தச் சைக்கிள் வருகிற நேரத்தில் பாதையில் ஈ காக்கை இல்லை. மணி கத்தினால் ஏரி மட்டும் அதன் குரலை அதற்கே திருப்பிக் கொடுத்தது. இரண்டு மழைக்காலம் இப்படியே போனது.

ஒரு காலையில், தூரத்தில் ஊன்றுகோல் ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு ஒரே சந்தோஷம். பேச்சுத்துணைக்கு ஒரு ஆள்! எட்ட இருந்தே, தன்னால் முடிந்தமட்டும் மெதுவாக, "சௌக்கியமா?" என்று கேட்டது.

ஊன்றுகோல் திரும்பியே பார்க்கவில்லை. அவசர அவசரமாகச் சேற்றில் இறங்கி, முனை புதைய நின்றுகொண்டது.

"வழி விட்டுட்டேன் சாமி. போங்க, போங்க."

மணி பதறிப்போனது. "பிடிப்பா, பிடி! நின்னு ரெண்டு வார்த்தை பேசணும்," என்று பிரேக்கிடம் கெஞ்சியது.

பிரேக் தம் பிடித்து முயன்று பார்த்தது. துரு அசைய விடவில்லை. சைக்கிள் ஊன்றுகோலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.