அழிக்காமல்

ஆறாவது தடவையாக லேப்டாப் திரை நீலமாகி, தானே அணைந்தது.

தங்கச்செல்வி இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். மணி பத்தரை.

மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஐம்பத்தொரு வயதில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு. திருச்சுழி வட்டாரக் கண்மாய்கள் பற்றி நாற்பத்திரண்டு பக்கம், இரண்டே விரலால் மூன்று மாதம் தட்டியது. கரை கரையாக வெயிலில் நடந்து, மடை திறந்துவிட்ட ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதியது. வரைபடங்களைத் திரையில் காட்டி, வீடியோவில் பேராசிரியர்களுக்கு விளக்க வேண்டும். போனில் கலந்துகொண்டால் செல்லாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அப்டேட் ஓடும்போது பாளையம்பட்டி முழுக்கக் கரண்ட் போனது. பழைய பேட்டரி தாங்கவில்லை. அப்போதிலிருந்து இப்படித்தான்.

டவுனில் ஒரு கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட வேண்டுமாம். நாளை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளலாமாம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் கோகுலிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாள். யாரிடமும் கொடுக்க வேண்டாம், தெரிந்த ஆள் ஒன்று வரும் என்றான்.

வந்தது ஒரு பெண். இருபத்தாறு வயதிருக்கும். பெயர் மாரிக்கனி என்றாள். நூல் மில் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. இதற்காக அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

"அழிக்காம முடியுமா தாயி?"

"முடியும் ஆன்ட்டி. கெட்டது விண்டோஸோட ஃபைலுதான். நீங்க எழுதினது அப்படியே இருக்கும்."

தான் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகி, அதன் வழியாக லேப்டாப்பை எழுப்பினாள். முதல் வேலையாகக் கட்டுரையைத் தேடிப் பிடித்து, இன்னொரு பென்டிரைவில் ஏற்றித் தங்கச்செல்வியின் உள்ளங்கையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் தங்கச்செல்விக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

மாரிக்கனி கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி தட்டினாள். எந்தெந்த ஃபைல் கெட்டிருக்கிறது என்று லேப்டாப்பே தன்னைச் சோதித்துக்கொண்டது. சிலவற்றைச் சரி செய்ய முடியவில்லை என்று பதில் வந்தது.

மாரிக்கனி முகம் மாறவில்லை. பென்டிரைவில் இருந்த விண்டோஸின் நல்ல பிரதியிலிருந்து எடுத்துப் போடச் சொல்லி இன்னொரு வரி தட்டினாள்.

சதவீதம் ஏறியது. அறுபத்திரண்டில் நின்றது. பத்து நிமிஷமாக அசையவில்லை.

காத்திருக்கும்போது தங்கச்செல்வி அவளுக்கு உளுந்தவடையும் காபியும் கொடுத்தாள்.

"எந்த ஊரு நீ?"

"எம்.ரெட்டியபட்டி ஆன்ட்டி. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறாக. அம்மா பருத்தி எடுக்கப் போவாக."

அவளும் பதிலுக்குக் கண்மாயைப் பற்றிக் கேட்டாள். சும்மா ஒப்புக்குக் கேட்கவில்லை. நிரம்பிய தண்ணீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம், அது எங்கே போய்ச் சேரும் என்று கேட்டாள். இந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்காத கேள்விகள். தங்கச்செல்வி சொல்லச் சொல்ல, தேர்வுக்குப் படித்த மாதிரியே ஆகிவிட்டது.

சதவீதம் திடுமென்று நூறுக்குப் போனது. மறுபடி ஒரு சோதனை. கெட்டவை எல்லாம் சரியாகிவிட்டன என்று வந்தது.

மணி ஒன்றேகால். பென்டிரைவை உருவிவிட்டு மாரிக்கனி லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். நீலம் வரவில்லை. வழக்கமாக வரும் படம் வந்தது, கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டத்தோடு.

சொல்வதற்குத் தங்கச்செல்வி வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாரிக்கனி தட்டிவிட்டாள். எட்டு எழுத்து. திரை திறந்தது.

"பாருங்க ஆன்ட்டி, உங்க ஃபைலெல்லாம் அங்கங்க அப்படியே இருக்கு!"

தங்கச்செல்வி திரையைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைப் பார்த்தாள்.

லேப்டாப் வாங்கிக் கொடுத்த அன்று கோகுல்தான் அந்தச் சொல்லைப் போட்டான். கே, ஏ, என், ஐ, பிறகு நாலு நம்பர். அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டதற்கு, கணினியைத்தான் சுருக்கியிருக்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு மறக்காது என்றான். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றான். அவள் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்று வருஷமாகத் தினமும் காலையில் அவள் தட்டிக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் பெயரை.

இரண்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது. பேராசிரியர்கள் அரைமணி நேரம் கேட்டார்கள். தங்கச்செல்வி எதற்கும் தடுமாறவில்லை. கலுங்கைப் பற்றிக் கேட்டபோது அவள் குரல் ஒரு படி ஏறியது. நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று மூத்தவர் சொன்னது வாசல் வரை கேட்டது.

வாசலில் மாரிக்கனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாஸ் ஆன்ட்டி நீங்க!"

தங்கச்செல்வி பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த நாலு நம்பரு, ஒன் பொறந்த நாளா தாயி?"

மாரிக்கனிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்த கை தாடைக்குக் கீழேயே நின்றுவிட்டது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ரெட்டியபட்டிக்கு வாரோம்னு அப்பாகிட்டச் சொல்லிரு. இங்க அவுககிட்ட நான் பேசிக்கிறேன்."

மாரிக்கனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி அத்தை."