நூறு சதவீதம்

“கடைசியா கேக்குறேன். இன்னா பாஸ்வேர்டு போட்டேன்னு சொல்றியா, இல்ல டி.சி.ய வாங்கிக்கினு வெள்ளிமலைக்கு பஸ் ஏறுறியா?”

கல்லூரி முதல்வர் நாராயணசாமி மேசையைத் தட்டியதில் பேனா ஸ்டாண்டு ஒருமுறை குதித்து உட்கார்ந்தது. எதிரே கைகட்டி நின்ற ஜீவா, கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு, நிதானமாகச் சொன்னான்.

“சொல்லக் கூடாதுங்க சார்.”

“யாருடா உனக்கு அப்படிச் சொன்னது?”

“மேடம்தாங்க சார்.”

ஓரமாக நின்ற சுபஸ்ரீ மேடம் திடுக்கிட்டார். கள்ளக்குறிச்சியை ஒட்டிய அந்தக் கல்லூரியின் இணையப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு.

“நானா? எப்படா சொன்னேன்?”

“பயிற்சி வகுப்புல மேடம். பாஸ்வேர்ட பேங்க்ல கேட்டாலும் சொல்லாத, போலீஸ் கேட்டாலும் சொல்லாத, பிரின்சிபாலே கேட்டாலும் சொல்லாதன்னீங்க. நீங்க போர்டுல போட்டத ஒரு வரி விடாம எழுதி வெச்சிருக்கேன்.”

சுபஸ்ரீ மேடம் முதல்வரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பேனர் ஆடிக்கொண்டிருந்தது. ‘ஒரே நாளில் நூறு சதவீதம்! ஆசிரியர், மாணவர், அலுவலர் அனைவரும் வலுவான பாஸ்வேர்டுக்கு மாறிய கல்லூரி!’ அதில் முதல்வர் படம் பெரிதாகவும், பூட்டின் படம் சிறிதாகவும் இருந்தன.

பேனர் கட்டிய கயிறு இன்னும் அழுக்காகவில்லை. அதற்குள் முதல்வரின் கணக்கிலேயே ஒரு மாணவன் புகுந்துவிட்டான்.

“சார், புள்ள தெரியாம பண்ணிட்டான்,” என்றார் ராஜாம்பாள். ஜீவாவின் அம்மா. கூப்பிட்டனுப்பியதும் முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தார். மகன் எதை உடைத்தான் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. “அடுத்த வாரம் பரீட்சை சார். மூணு வருசம் படிச்சிட்டான். டி.சி. மட்டும் வாணாம் சார்.”

“சாதாரண விஷயம் இல்லீங்கம்மா. என் கணக்க தெறந்திருக்கான். காலேஜ்ல இருக்குற அத்தன பேரு மார்க்கும் அதுலதான் இருக்குது.”

“ஏன்டா, மார்க்க மாத்தனியா?”

“இல்லம்மா! லேப்ல உக்காந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். எல்லார் மார்க்கும் வந்துச்சி. பயந்துகினு ஓடிப் போயி மேடம்கிட்ட சொன்னேன். சந்தேகமா எதனா தெரிஞ்சா உடனே சொல்லணும்னு அதுவும் வகுப்புலதான் சொன்னாங்க.”

“அது வாஸ்தவம் சார்,” என்றார் மேடம், மெல்லிய குரலில். “இவனேதான் வந்து சொன்னான்.”

“திருடிட்டு வந்து சொன்னா திருட்டு இல்லியா மேடம்? நேத்து அந்த சிஸ்டத்துல நான் மார்க் பாத்துட்டு, ஒழுங்கா லாக்-அவுட் பண்ணிட்டுத்தான் எழுந்தேன். லாகின் பண்ற எடத்துல என் பேரு வேணா மேல நின்னுருக்கும். பேர வெச்சிக்கினு தெறக்க முடியுமா? இவன் எதையோ போட்டிருக்கான். அது இன்னான்னு சொல்லட்டும், வுட்டுடுறேன்.”

“கேக்குறாரு இல்ல, சொல்லித் தொலையேன்டா!”

“உனக்கும் சொல்லக் கூடாதும்மா. அம்மா அப்பாவுக்கும் கூடாதாம்.”

“திமிர பாத்தீங்களா மேடம்? ஆபீஸ்ல போயி இவன் டி.சி.ய எழுதச் சொல்லுங்க.”

ராஜாம்பாள் மகன் முதுகில் பலமாக ஒன்று வைத்தார். ஜீவாவின் நிதானம் அப்போதுதான் கொஞ்சம் கலைந்தது.

“சார், சார்! சொல்லத்தான் கூடாது. போட்டுக் காட்டலாம். அத வாணாம்னு மேடம் சொல்லல.”

முதல்வர் தன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். அதிலும் மேலே அவர் பெயர் தயாராக நின்றது.

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சார்.”

“டேய், என் கணக்குடா அது!”

“பாஸ்வேர்டு போடும்போது பக்கத்துல இருக்குறவங்க பாக்கக் கூடாதுங்க சார்.”

முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். மேடம் பீரோவைப் பார்த்து நின்றார். ராஜாம்பாளை மட்டும் ஜீவாவே தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்த வேண்டியிருந்தது. தட்டும் சத்தம் கேட்டது. அவர்கள் திரும்பியபோது கல்லூரியின் மொத்த மதிப்பெண்களும் திரையில் விரிந்து கிடந்தன.

“பாத்தீங்களா! என் பாஸ்வேர்ட அப்படியே போட்டிருக்கான் மேடம்!”

ஜீவா குழப்பத்துடன் முதல்வரைப் பார்த்தான்.

“உங்களுதா? இல்லீங்க சார், நான் போட்டது என்னோடது. பயிற்சி அன்னிக்கு வெச்சது. நேத்து மேல யார் பேரு இருந்துச்சின்னு பாக்காம என் பாஸ்வேர்டதான் போட்டேன்.”

சுபஸ்ரீ மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், உங்களுது வெள்ளிமலைல ஆரம்பிச்சு ஆச்சரியக்குறில முடியுமா? வலுவான பாஸ்வேர்டுக்கு எடுத்துக்காட்டுன்னு அன்னிக்கு நான் போர்டுல எழுதினது?”

“நீங்க எழுதினீங்க, நான் வெச்சேன். வேற எதுக்கு எழுதினீங்க?”

“அந்த ஹால்ல மொத்த காலேஜும் இருந்துச்சே சார். எல்லாரும் எழுதிக்கினாங்களே.”

“சத்தமா பேசாதீங்க மேடம்,” என்றான் ஜீவா. “வெளிய கேக்கப் போவுது.”

முதல்வர் ஜன்னல் வழியே பேனரைப் பார்த்தார். நூறு சதவீதம் காற்றில் படபடத்தது.

“நீ போயி பரீட்சைக்குப் படி,” என்று ஜீவாவை அம்மாவோடு அனுப்பினார். கதவு மூடியதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பொறுப்புள்ள ஒரு முதல்வரின் குரலில் சொன்னார்:

“இன்னிக்கே எல்லாரும் பாஸ்வேர்ட மாத்தியாவணும் மேடம். மதியம் ஹால்ல கூட்டுங்க. போர்டுல புதுசா ஒண்ணு எழுதிப் போடுங்க.”