சாரத்தில் ஒரு கதவு

மச்சான் தன் முப்பாட்டன் கட்டிய வீட்டைப் பழமை குலையாமல் பெரிதாக்குகிறான். முற்றத்து வெயிலில் தச்சர் ஒருவர் புத்தம்புதுக் கதவைச் சங்கிலியால் அடித்துக்கொண்டிருக்கிறார். அடிபட்டால்தான் பழசாகத் தெரியுமாம். நிஜமான பழைய வாசற்கதவோ சாரத்தின் மேல் பலகையாகக் கிடக்கிறது. அதன் பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே நின்று கொத்தனார் புதுச்சுவரைப் பூசுகிறார். கரண்டியிலிருந்து வழியும் கலவை, கதவில் செதுக்கிய பூக்களை அடைக்கிறது. கீழே என் மனைவி அண்ணாந்து நிற்கிறாள். அவள் கோபத்தில் ஈரப்பூச்சு அந்த நொடியே காய்வதை இந்தக் கண்ணால் பார்க்கிறேன். நம்பாதவர்கள் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். "அக்கா, அது உளுத்துப்போச்சு. அதே மாதிரி புதுசு செய்யுறோம்ல?" என்கிறான் மச்சான். "உளுத்த கதவா கொத்தனாரையும் கலவையையும் தாங்குது? உன் மண்டைதான்டா உளுத்துப்போச்சு!" அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி, கதவின் நடுவில் சப்பணமிட்டு உட்காருகிறாள். "இதை மறுபடி வாசல்ல மாட்டுறேன்னு சொல்ற வரைக்கும் இறங்க மாட்டேன். வேணும்னா என்னைச் சுத்திக் கட்டிக்கோ." கொத்தனார் கரண்டியைத் தூக்கியபடியே மச்சானைப் பார்க்கிறார். மச்சான் என்னிடம் ஓடி வருகிறான். "மாமா, நீங்களாவது சொல்லி இறக்குங்க." நான் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் நடக்கிறேன்.